டீ கையெழுத்து

"தாத்தா, வெளியிலதான் இவ்ளோ காத்து இருக்கே, அப்புறம் எதுக்கு பிளேனுக்குள்ள காத்த அடைக்கிறீங்க?"

பேத்தி ஒருநாள் தொலைபேசியில் இப்படிக் கேட்டாள். விமானப் பராமரிப்பில் முப்பத்திரண்டு வருடம் பழம் தின்று கொட்டை போட்ட தாத்தா, உயரே போகப் போகக் காற்று மெலிந்துவிடும், அதில் மூச்சுவிட முடியாது, ஆகவே உள்ளே காற்றை அடைத்து வைக்கிறோம் என்று பொறுமையாக விளக்கினார்.

"அடைச்ச காத்து வெளிய போயிட்டா?"

"போகாதுடா கண்ணு. தாத்தா கையெழுத்துப் போட்ட பிளேன்ல இருந்து காத்து எங்க போகும்?"

ஆறு வயதுக் குழந்தை அந்தப் பதிலை நம்பிவிட்டது. அதில் தப்பில்லை. அறுபதை நெருங்கும் தாத்தாவும் அதை நம்பியதுதான் வினை.

வேலை செய்யும் இடத்தில் அவருக்குக் 'கையெழுத்தார்' என்று பெயர். விமானங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் அந்தப் பெரிய கொட்டகையில் எத்தனையோ பேர் கையெழுத்துப் போடுகிறார்கள். கோழி கிளறியது போல் கிறுக்கிவிட்டுப் போவார்கள். இவர் கையெழுத்தோ பார்க்கப் பார்க்கத் தெவிட்டாது. யானை துதிக்கையைத் தூக்குவது போல் ஆரம்பிக்கும், நடுவில் இரண்டு வளைவு, கடைசியில் அளந்து இழுத்த ஒரு கோடு. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் மேலாளர் அதைக் காட்டி, "பொறுப்புன்னா இப்படி இருக்கணும்" என்பார். பொறுப்பு எப்படி இருக்கும் என்று மேலாளருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

அந்தக் கொட்டகையில் ஒரு விதி உண்டு. உயிர் சம்பந்தப்பட்ட வேலை எதுவானாலும் இரண்டு கையெழுத்து வேண்டும். செய்தவன் ஒன்று போடுவான். செய்யாத இன்னொருவர் நேரில் ஏறிப் பார்த்து இரண்டாவது போடுவார். விதியை எழுதிய மகராசன் யாரோ, மனிதன் மறப்பான் என்று தெரிந்து, அவன்மேல் இரக்கப்பட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும். ஆனால் விதி எழுதியவருக்கு முழங்கால் வலி இருந்ததில்லை போலும். விமானத்தின் படிக்கட்டு இருபத்திரண்டு படி. நாளைக்கு எட்டு முறை ஏறி இறங்கினால் யாருக்கும் ஞானம் பிறந்துவிடும். அப்படிப் பிறந்த ஞானத்துக்குத்தான் 'டீ கையெழுத்து' என்று பெயர். காலை பத்தரைக்குக் கேன்டீனில் தாள்களெல்லாம் மேசைக்கு வரும். மூத்தவர்கள் ஒரு கையில் டம்ளரும் ஒரு கையில் பேனாவுமாக இரண்டாவது கையெழுத்தைப் போட்டு முடிப்பார்கள். டீ ஆறுவதற்குள் ஒரு விமானமே தகுதி பெற்றுவிடும்.

இரண்டு பேர் பார்த்தால் பிழை நேராது என்பது விதி. இரண்டு பேர் இருந்தால் மற்றவன் பார்த்திருப்பான் என்பது மனித சுபாவம். விதிக்கும் சுபாவத்துக்கும் போட்டி வந்தால் எது ஜெயிக்கும் என்று பெரியவர்கள் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அன்று காலை ஒரு விமானத்தில் காற்றுக் கசிவுச் சோதனை. கதவுகளையெல்லாம் சாத்திவிட்டு உள்ளே காற்றை ஏற்றி, எங்காவது கசிகிறதா என்று பார்ப்பார்கள். விமானிகள் அறையில் தலைக்குமேல் ஒரு குமிழ் இருக்கிறது. அது ஆட்டோவில் இருந்தால் விமானம் தன் காற்றைத் தானே கவனித்துக்கொள்ளும். சோதனைக்காக அதை மேனுவலுக்குத் திருப்ப வேண்டும். முடிந்ததும் மறக்காமல் ஆட்டோவுக்குத் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் காற்று வெளியேறும் வழி திறந்தது திறந்தபடியே கிடக்கும்.

சோதனை செய்தவன் நெட்டை. ஆறடி இரண்டு அங்குலம். விமானிகள் அறைக்குள் அவனை மடித்துத்தான் வைக்க வேண்டும். ஒப்பந்த ஊழியன். ஐந்து வருடம் காத்திருந்து, அடுத்த மாதம் நிரந்தர வேலைக்கான ஆர்டர் வரவிருந்தது. அவன் சோதனையை முடித்து, தாளில் கையெழுத்தைப் போட்டுவிட்டு, குமிழைத் திருப்பக் கையைத் தூக்கும் நேரத்தில் கீழேயிருந்து கையெழுத்தாரின் குரல் வந்தது.

"டேய் நெட்டை! அதை அப்படியே விட்டுட்டு இறங்கு. பக்கத்து பிளேன்ல டயர் மாத்தணும், ஆள் இல்ல."

"ஒரு நிமிஷம் சார்..."

"உன் ஒரு நிமிஷம் எனக்குத் தெரியாதா? வாடா."

நெட்டை இறங்கினான். அப்படியே விடச் சொன்னார், அப்படியே விட்டான். சார்தான் மேலே வந்து பார்ப்பாரே என்று அவனுக்கு நிம்மதி. பத்தரைக்குக் கேன்டீனில் தாள் வந்தபோது, நெட்டைதான் முடித்திருப்பானே என்று இவருக்கு நிம்மதி. இரண்டு நிம்மதிகளும் சேர்ந்து ஒரு விமானத்தை அனுப்பி வைத்தன.

அதே விமானத்தில்தான் பிற்பகல் கையெழுத்தாரும் மனைவியும் மகள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். ஊழியர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை இலவச டிக்கெட். கடைசி வரிசைக்கு முந்திய வரிசை, கழிவறைக்குப் பக்கம். சன்னலோரம் மடியில் கைக்குழந்தையோடு ஒரு இளம்பெண், நடுவில் மனைவி, வழியோரம் இவர்.

"இது நான் பார்த்த பிளேன்" என்றார் இவர், மனைவிக்கு மட்டும் என்று சொல்ல முடியாத குரலில்.

"எதை?" என்றாள் மனைவி.

"பிளேனை. இன்னிக்குக் காலையிலதான் கையெழுத்துப் போட்டேன்."

"அப்ப இந்த சீட்டையும் பார்த்திருக்கலாமே. சாய மாட்டேங்குது." பிறகு பக்கத்துப் பெண்ணிடம் திரும்பி, "பயப்படாதேம்மா, இவரே பார்த்த பிளேனாம்" என்றாள். அதில் பெருமை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவருக்குப் பிரிக்கத் தெரிந்ததில்லை.

முன்னால் விமானிகளும் தங்கள் சரிபார்ப்புப் பட்டியலை முறைப்படி வாசித்தார்கள். 'ஆட்டோ' என்று ஒருவர் கேட்க, 'ஆட்டோ' என்று மற்றவர் சொன்னார். வாய் சொன்னது, கண் போகவில்லை. டீ இல்லாமலும் டீ கையெழுத்துப் போடலாம் என்பதற்கு அதுவே சாட்சி.

கிளம்பிக் கால் மணி நேரத்தில் காது வலித்தது. குழந்தை வீறிட்டது. "என்னங்க, காதுக்குள்ள யாரோ விரலை விட்டு அழுத்துற மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. "முதல்ல அப்படித்தான் இருக்கும், எச்சில் முழுங்கு" என்றார் நிபுணர். பிறகு உள்ளே குளிர்ந்தது. கண்ணாடி ஓரத்தில் லேசாகப் புகை போல் ஏதோ படர்ந்தது. அப்போதுதான் அவருக்கு அந்தக் குமிழின் நினைவு வந்தது. மேலே வந்து பார்த்தேனா? பார்க்கவில்லை. அவன் திருப்பினானா? 'ஒரு நிமிஷம் சார்' என்றானே, அந்த ஒரு நிமிஷம் எதற்கு?

தலைக்குமேல் பலகைகள் படார் படாரென்று திறந்துகொண்டன. மூச்சுவிட உதவும் மஞ்சள் மூடிகள் குழாயில் தொங்கின. விமானம் மூக்கைக் கவிழ்த்து இறங்க ஆரம்பித்தது. அலறல். யாரோ யாரையோ மன்னிக்கச் சொன்னார்கள். முன்வரிசையில் ஒருவர் எழுந்து, இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். பொறுப்பு பின்வரிசையில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தது.

முப்பத்திரண்டு வருட அனுபவம் அந்த மூடியை வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தது. மனைவிதான் அதை இழுத்து அவர் முகத்தில் அறைந்தாற்போல் மாட்டினாள். தனக்கு மாட்டினாள். பிறகு அந்த இளம்பெண்ணைப் பார்த்தாள். அவள் தன் மூடியைக் குழந்தைக்கு வைத்து அழுத்திக்கொண்டு, தான் வெறுங்காற்றை விழுங்கிக்கொண்டிருந்தாள். அந்த வரிசையில் மூன்று இருக்கைக்கு நான்கு மூடிகள். மடியில் ஒரு பிள்ளை இருக்கக்கூடும் என்று, முகம் தெரியாத ஒரு புண்ணியவான் எங்கோ மேசையில் உட்கார்ந்து யோசித்து வைத்த நான்காவது மூடி. மனைவி அதைப் பிடித்து இழுத்து அவளுக்கு மாட்டிவிட்டாள். கடவுள் எங்கே இருக்கிறார் என்று கேட்பவர்கள் இப்படிப்பட்ட இடங்களிலும் கொஞ்சம் தேடிப் பார்க்கலாம்.

மூடிக்குள்ளிருந்து மனைவியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் வந்தது. "நல்லாத்தான் பார்த்திருக்கீங்க!"

கையெழுத்தார் கண்ணை மூடிக்கொண்டு வேண்டினார். பிள்ளைகளைக் காப்பாற்று என்றார், நியாயம். இவர்களைக் காப்பாற்று என்றார், அதுவும் நியாயம். கூடவே, இது நெட்டையின் தப்பாக இருக்கட்டும் என்றும் ஒரு வரி சேர்த்துக்கொண்டார். பயத்தில் செய்யும் பிரார்த்தனையைக் கடவுள் வடிகட்டித்தான் கேட்பார் என்று நம்புவோம்.

கேட்டார். விமானம் தாழ வந்து, மூச்சுவிடும் உயரத்தில் சமாளித்துப் பறந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி இறங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை; நாலைந்து பேருக்குக் காது வலி, அவ்வளவுதான். கீழே இறங்கியதும் அந்த இளம்பெண் கையெழுத்தாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"உங்க வீட்டம்மா சொன்னாங்க சார், நீங்கதான் பிளேனைப் பார்க்கிறவராமே. உங்களை மாதிரி ஆளுங்க ஒழுங்கா வேலை செய்யறதாலதான் இன்னிக்கு நாங்க பிழைச்சோம்."

கன்னத்தில் அறைந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. "இருக்கட்டும்மா" என்று மட்டும் சொன்னார்.

விசாரணை வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி, கையில் பெட்டி, முகத்தில் தூக்கமின்மை. குமிழ் மேனுவலில் இருந்ததை விமானிகளே சொல்லிவிட்டார்கள். அவர்களுக்குத் தனி விசாரணை. இங்கே கேள்வி ஒன்றுதான்: இரண்டு கையெழுத்து இருக்கும் தாளில், குமிழை யாருமே பார்க்கவில்லையா? கையெழுத்தார் தம் வாக்குமூலத்தை இரண்டு நாள் தள்ளிப் போட்டார். மூன்றாம் நாள் மேலாளர் அவரைத் தம் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். 'பாதுகாப்பே எங்கள் மூச்சு' என்ற பலகை அவர் தலைக்குமேல் கோணலாகத் தொங்கியது.

"உக்காருங்க சார். கவலைய விடுங்க. நெட்டை எழுதிக் குடுத்துட்டான்."

"என்னன்னு?"

"நீங்க மேல போய் பார்த்தீங்களாம், ஆட்டோல இருந்துதாம். அப்புறம் அவன் மறந்து வச்ச டார்ச்சை எடுக்கப் போனப்ப கை பட்டுத் திரும்பிடுச்சாம். முழுக்க அவன் தப்பு. ஒப்பந்த ஆள்தானே, அனுப்பிட்டா ஃபைல் மூடிடும். நீங்க அதே மாதிரி நாலு வரி எழுதுங்க. எழுத மனசு வரலையா, 'ஞாபகம் இல்லை'ன்னு போடுங்க. சும்மா இருந்தா போதும் சார்."

சும்மா இருப்பதே சுகம் என்று ஞானிகள் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் மேலாளரை மனதில் வைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கையெழுத்தார் நேரே கேன்டீனுக்குப் போனார். நெட்டை மூலையில் தனியாக உட்கார்ந்து டீயில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தான்.

"ஏண்டா அப்படி எழுதினே?"

"எப்படி சார்?"

"நான் மேல வந்து பார்த்தேன்னு."

நெட்டை சுற்றுமுற்றும் பார்த்தான். "சத்தமா பேசாதீங்க சார். நீங்க வந்தீங்க, பார்த்தீங்க. அப்புறம் என் கை பட்டுத் திரும்பிடுச்சு. எழுதியாச்சு, முடிஞ்சு போச்சு."

"கை பட்டா திரும்புற குமிழாடா அது? உள்ளங்கை சிவக்கத் திருப்பணும்."

"அது விசாரிக்கிறவருக்குத் தெரியல சார். நீங்க வேற பாடம் எடுத்துடாதீங்க."

"விளையாடாதே. அடுத்த மாசம் உனக்கு ஆர்டர் வருது."

"இனி எங்க சார் வரும்?" ரொட்டி உடைந்து டீக்குள் விழுந்தது. "எங்க மாமா லாரிப் பட்டறை வச்சிருக்கார். அங்க போயிடுவேன். லாரில காத்து டயர்லதான் இருக்கும். போச்சுன்னா இறங்கி ஓரமா நிக்கலாம், பாருங்க."

"வீட்ல சொல்லிட்டியா?"

"இன்னும் சொல்லல. ஆர்டர் வந்ததும் ஒரு ரூம் கூட இருக்கற வீடா பார்க்கணும்னு அவ ஆறு மாசமா சொல்லிட்டிருக்கா." சிரிக்கப் பார்த்தான், சரியாக வரவில்லை. "எனக்கு வயசிருக்கு சார். உங்களுக்கு ரிட்டயராக எட்டு மாசம்தான் பாக்கி. முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்ல கடைசியில இப்படி ஒரு கரி பூசணுமா?"

"உனக்கு நான் அப்படி என்னடா செஞ்சுட்டேன்?"

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? முதல் நாள் இஞ்சின் ஓடறப்ப காதைப் பொத்திக்கிட்டு நின்னேன். ஒப்பந்த ஆளுக்குக் காது மூடி கிடையாதுன்னு ஸ்டோர்ல சொல்லிட்டாங்க. நீங்க உங்களோடத கழட்டி என் தலையில மாட்டினீங்க. மறந்துட்டீங்களா? இன்னும் வச்சிருக்கேன்."

கையெழுத்தாருக்கு ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததுதான் கஷ்டம். அன்று காலை அவருக்குப் புதுக் காது மூடி வந்திருந்தது. பழையதில் ஒரு பக்கம் பஞ்சு பிய்ந்து தொங்கியது. குப்பைத் தொட்டி கொட்டகையின் அந்தக் கோடியில் இருந்தது. பையன் இந்தக் கோடியில் நின்றான். அவ்வளவுதான் நடந்தது. அதைத்தான் அவன் ஐந்து வருடமாகத் தலையில் வைத்துத் தாங்கிக்கொண்டிருக்கிறான்.

நாம் அலட்சியமாகச் செய்த நன்மையையும் வாங்கியவன் முழுதாக வாங்கிக்கொள்கிறான். எங்கே கொடுத்தோம் என்று நாம் நினைப்பதற்குள் அவன் பதிலுக்குத் தன் பிழைப்பையே எடுத்து நீட்டுகிறான். அவரால் அங்கே மேற்கொண்டு உட்கார முடியவில்லை.

"சரி, டீயைக் குடி. ஆறுது" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

சனிக்கிழமை முழுக்க அவர் மனதுக்குள் தராசைப் பிடித்திருந்தார். எட்டு மாதத்தில் பிரிவு உபசாரம். மேலாளர் பேசுவார், மாலை போடுவார்கள், அந்தக் கையெழுத்தைச் சட்டம் போட்டு மாட்டுவதாகக்கூட ஒரு பேச்சு இருந்தது. அத்தனையும் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒரு ரூம் கூட இருக்கும் வீடு.

ஞாயிற்றுக்கிழமை காலை செருப்பை மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

"செருப்பு அறுந்திருக்கு. தைச்சுட்டு வர்றேன்."

மனைவி செருப்பைப் பார்த்தாள். வாங்கி இரண்டு வாரம்கூட ஆகாத செருப்பு. "மெதுவா தைச்சுட்டு வாங்க" என்றாள்.

கொட்டகை அலுவலகத்தில் ஞாயிறு காலை ஈ காக்கை இல்லை. வாசல் காவலர் வணக்கம் வைத்துவிட்டுப் பத்திரிகைக்குள் தலையை விட்டுக்கொண்டார். நடைவழியில் ஒரு பச்சைப் பெட்டி உண்டு: பாதுகாப்புக் குறைகளை ரகசியமாகத் தெரிவிக்க. சாவி தலைமை அலுவலக அதிகாரியிடம் மட்டும். பதினோரு வருடத்தில் அதற்குள் விழுந்தவை கேன்டீன் டீயில் தண்ணீர் அதிகம் என்று மூன்று மனு, மிட்டாய்க் காகிதம் நிறைய, அப்புறம் ஒரு காதல் கடிதம். அது யாருடைய பாதுகாப்பைப் பற்றியது என்று தெரியவில்லை.

கையெழுத்தார் ஒரு காலி மேசையில் உட்கார்ந்து எழுதினார். சோதனை முடியுமுன் நெட்டையைக் கீழே கூப்பிட்டது நான். அப்படியே விட்டுவிட்டு வரச் சொன்னது நான். மேலே ஏறிப் பார்க்காமல் கேன்டீனில் உட்கார்ந்து இரண்டாவது கையெழுத்துப் போட்டதும் நான். இந்தப் பழக்கம் எனக்குப் பல வருடமாக உண்டு. மற்ற மூத்தவர்களுக்கும் உண்டு, படிக்கட்டுப் பக்கம் ஒருநாள் நின்று பார்த்தால் தெரியும். அவன் எழுதியது என்னைக் காப்பாற்றுவதற்காக எழுதிய பொய். அதைச் சொன்னவனை மன்னிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைப் பற்றி அவனுக்குத் தெரிய வேண்டாம்.

கீழே பெயரைக் குழந்தை எழுதுவது போல் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். மடித்தார். பெட்டியின் வாய் துருப்பிடித்துக் கொஞ்சம் முரண்டு பிடித்தது. தள்ளினார். உள்ளே போய் விழுந்தது.

அடுத்த மூன்று வாரத்தில் நடந்ததை ஊரே பேசியது. விசாரணை அதிகாரி இரண்டு நாள் பத்தரை மணிக்குப் படிக்கட்டுப் பக்கமே நின்றார். டீ கையெழுத்து ஒழிந்தது. மூத்தவர்கள் முழங்காலுக்குத் தைலம் வாங்கினார்கள். மேலாளர், தமக்கு இப்படி ஒரு பழக்கம் இருந்ததே தெரியாது என்று பத்தரை மணி டீயைக் குடித்துக்கொண்டே வருத்தப்பட்டார். கையெழுத்தாரின் கையெழுத்து உரிமை பறிபோனது. மிச்ச நாளுக்குக் கருவிக் கிடங்கில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் வேலை. நெட்டைக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று, மூன்று மாதம் தாமதமாக நிரந்தர ஆர்டர்.

ஆர்டர் வந்த அன்று அவன் கிடங்குக்கு ஓடி வந்து, கம்பித் தடுப்புக்கு வெளியே குனிந்து நின்றான்.

"சார், ஆர்டர் வந்துடுச்சு. ஆனா எனக்கு மனசே ஆறல. அன்னிக்குக் கேன்டீன்ல நாம பேசினதை எவனோ ஒட்டுக் கேட்டுப் போட்டுக் குடுத்திருக்கான்."

"இருக்கும்."

"யாருன்னு மட்டும் தெரியட்டும் சார். உங்களை மாதிரி ஒரு மனுஷனை... அவன் விளங்குவானா?"

"சாபம் விடாதேடா. அவனுக்கும் பிள்ளை குட்டி, பேரன் பேத்தின்னு இருக்கும்."

"உங்களுக்கு இந்த நல்ல மனசுதான் சார் கேடு. அவன் ஒரு பச்சைத் துரோகி."

"ஆமாம்" என்றார் கையெழுத்தார். "சரி, உனக்கு என்ன சைஸ் வேணும், அதைச் சொல்லு."

அவன் சொன்னான். அவர் ஏணியை நகர்த்தி வைத்து, ஒவ்வொரு படியாக ஏறி, மேல்தட்டிலிருந்து அதை எடுத்துத் துணியால் துடைத்து, கம்பித் தடுப்பின் வழியாக அவன் கையில் கொடுத்தார்.